பழைய ரிவால்வர்

அமெரிக்காவில் வாழும் நண்பர் மலிவான பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கிறார். 1899க்கு முன் செய்யப்பட்டவற்றை அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் பழம்பொருளாகவே கொள்கிறது. ஆனால் அவற்றில் கரும்புகை மருந்துத் தோட்டாவையே இட வேண்டுமாம்; இக்கால மருந்தின் அழுத்தம் உருளையைப் பிளந்துவிடக்கூடும்.

ஒன்றை என் கையில் கொடுத்து, “சுட்டுப் பாருங்கள்” என்றார்.

நான் ஹற்றன் பக்கத்து லயத்தில் பிறந்தவன். துரையின் மேசை இழுப்பறையில் ரிவால்வர் இருக்கிறது என்ற பேச்சே என் தந்தையார் காலத்தில் பெரட்டுக்களத்தை அடக்கப் போதுமானதாயிருந்தது. அதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆனால் 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் இறந்ததை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

சுட்டேன். தகரக் குவளை அசையவில்லை.

“கை நடுங்குகிறதே” என்று நண்பர் சிரித்தார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.