கைக்கு ஒரு வேலை

பாடங்கேட்கும் மாணாக்கன் எப்படி இருக்கவேண்டும் என்பதை நன்னூலார் தம் பொதுப்பாயிரத்திலேயே வரையறுத்துவிட்டார். ஓவியத்தில் தீட்டிய பாவைபோல் அடங்கி அமர்ந்து, செவிவழியே பருகியதை நெஞ்சில் தேக்கிக்கொள்ள வேண்டும் என்பது பவணந்தி முனிவரின் எதிர்பார்ப்பு. இருபதாண்டுகளாகக் கல்லூரியில் இந்நூற்பாவை நடத்திவருகிறேன். நடத்தும்போதெல்லாம் எதிரே இருக்கும் பாவைகளின் கைகளைப் பார்ப்பதுண்டு. ஒருத்தி துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள். ஒருவன் பேனாவைக் கட்டைவிரலைச் சுற்றிச் சுழலவிட்டுப் பிடிப்பான். கடைசி வரிசையில் ஒருவன் நோட்டின் ஓரத்தில் ஒரு கோபுரத்தை நிலைநிலையாக எழுப்பிக்கொண்டிருப்பான். கேள்வி கேட்டால் பல வேளைகளில் கோபுரக்காரனே சரியாக விடை சொல்கிறான்.

கைகட்டி வாய்பொத்தி நிற்பதைப் பணிவின் அடையாளமாகக் கொண்ட மரபு நம்முடையது. அதே மரபில்தான் கைகள் ஓயாமல் இயங்க, காதுகள் வேறொன்றில் தோய்ந்திருக்கும் காட்சிகளும் உண்டு. எங்கள் ஆத்தா பூத்தொடுத்துக்கொண்டேதான் கதை சொல்வார். கேட்கும் அத்தைமாரும் தொடுத்துக்கொண்டேதான் கேட்பார்கள். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தையும் அருகில் வானொலியையும் வைத்துக்கொண்டு நாடகம் முழுவதையும் கேட்டு, மறுநாள் வசனம் பிசகாமல் சொல்வார்கள். உருத்திராக்கம், செபமாலை, தஸ்பீஹ் என்று எல்லாச் சமயங்களும் பிரார்த்தனை செய்பவரின் விரல்களுக்கு உருட்டுவதற்கு மணிகளைக் கொடுத்திருக்கின்றன. மனத்தை ஓரிடத்தில் நிறுத்த விரும்பியவர்கள் கைக்கு ஒரு சிறுவேலை கொடுத்தார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது.

இந்தச் சிறுவேலையைக் கடைச்சரக்காக்கும் வித்தையை நம் காலம் கற்றுக்கொண்டது. 2016இல் ‘ஃபிட்ஜெட் கியூப்’ என்ற சிறு கனசதுரத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அழுத்தவும் திருகவும் உருட்டவும் அதன் ஆறு பக்கங்களிலும் ஏதேனும் ஒன்று இருந்தது. மறு ஆண்டே ‘ஃபிட்ஜெட் ஸ்பின்னர்’ வந்தது. நடுவில் ஒரு பால்பேரிங், அதைச் சுற்றி மூன்று இதழ்கள், அவ்வளவுதான். மனத்தை ஒருமுகப்படுத்தும், பதற்றம் தணிக்கும் என்றெல்லாம் சொல்லி விற்றார்கள். 2017 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கப் பள்ளிகளும் பிரித்தானியப் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குத் தடைவிதித்தன. கோடை விடுமுறை முடிந்து நம் பள்ளிகள் திறந்தபோது இங்கே பெட்டிக்கடைகளிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் ஒளிரும் ஸ்பின்னர், விளக்கு வைத்த ஸ்பின்னர் என்று வகைவகையாக வந்தன.

அவ்வாண்டு என் அக்காள் மகன் திருச்சியில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பிலிருந்தே அவன் கால்சட்டைப் பையில் ஒரு சாண் நீளக் கயிறு இருக்கும். பாடம் நடக்கையில் மேசைக்கடியில் அதில் முடிச்சிடுவான், அவிழ்ப்பான், மறுபடி முடிச்சிடுவான். வகுப்பாசிரியை அதைக் கண்டும் காணாததுபோல் விட்டிருந்தார். கயிறு கையிலிருக்கும் நாளில் பையன் எழுந்து நடமாடுவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஸ்பின்னர் புகுந்த சில வாரங்களில் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. விளையாட்டுப் பொருள் எதுவும் வகுப்பறைக்குள் கூடாது. பைகளைச் சோதித்தார்கள். நாற்பது சுழலிகளோடு ஒரு துண்டுக் கயிறும் தலைமையாசிரியர் அறை அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

அக்காள் போய்க் கேட்டபோது, “ஒருவனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்களே, அம்மா” என்றார்களாம். நாற்பது பேரை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பையன் சட்டைக் காலரைக் கடிக்கத் தொடங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “கயிறு இல்லாட்டி டீச்சர் சொல்றது பாதியிலேயே நின்னுபோயிடுது மாமா” என்றான். தீபாவளிக்குள் ஸ்பின்னர் மோகம் ஓய்ந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரரே கழித்துக்கட்டினார். பள்ளியின் விதி மட்டும் ஓயவில்லை.

நிற்க. பையன் சொன்னதற்கு ஆய்வுலகில் ஆதரவு உண்டா என்று பிறகு தேடிப் படித்தேன். உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை 40 பேர் கேட்டார்கள். கேட்கும்போதே தாளில் வடிவங்களுக்கு நிழலிட்டுக்கொண்டிருந்தவர்கள், வெறுமனே கேட்டவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்க் ராப்போர்ட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களைப் பற்றியது. ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு உள்ள சிறுவர்கள் உடலை அசைத்தபோது நினைவுப் பணிகளை மேலும் நன்றாகச் செய்தார்கள்; ஏனையோரிடம் அசைவு கூடக்கூடச் செயல் குன்றியது. ஆக, ஓவியப்பாவையாக அமர்வது சிலருக்குத் துணை, சிலருக்குத் தடை.

அப்படியானால் ஸ்பின்னரும் நல்லதுதானே என்று கேட்கலாம். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள சிறு குழந்தைகளிடம் வகுப்பறையிலேயே செய்த ஆய்வு, ஸ்பின்னர் அவர்களின் கவனத்தைக் குலைத்ததாகவே சொல்கிறது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். விரல் ஒருமுறை தட்டிவிட்டால் கையின் வேலை முடிந்தது. பிறகு பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. அது கையைச் சும்மா இருக்கவிட்டுக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் பொருள். பூத்தொடுப்பவள் பூவைப் பார்ப்பதில்லை. செபமாலை உருட்டுபவர் மணியைப் பார்ப்பதில்லை. அவன் கயிற்றையும் பார்த்ததில்லை.

2021இல் உலகைப் பிடித்தாட்டிய ‘பாப் இட்’ இவ்வகையில் ஸ்பின்னரைவிட மேலானது. இஸ்ரேலைச் சேர்ந்த தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர் தம்பதியர் 1975இலேயே அதை உருவாக்கியிருந்தார்கள். குமிழை அழுத்தக் கண் தேவையில்லை. ஆனால் மோகம் மூண்டதும் அது வானவில் நிறத்திலும் ஒற்றைக்கொம்புக் குதிரை வடிவத்திலும் வந்தது; பென்சில் பெட்டியாயிற்று, கைப்பையாயிற்று. உன்னிடம் எத்தனை என்று கேட்கத் தொடங்கியதும் அதன் பயன் போய்விட்டது.

வகுப்பறையில் ஒரு பொருளை விடலாமா என்பதற்கு மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். அது கண்ணை இழுக்கிறதா? ஓசை எழுப்புகிறதா? பக்கத்துப் பையன் ‘எனக்கும் கொடு’ என்று கை நீட்டுவானா? மூன்றுக்கும் இல்லை என்று விடை வந்தால் விட்டுவிடலாம். ஒரு சாண் கயிற்றை எந்தப் பிள்ளையும் பொறாமையோடு பார்ப்பதில்லை. அதன் தகுதியே அந்த அற்பத்தனம்தான். சந்தை அந்த அற்பப்பொருளைக் கவர்ச்சிப்பொருளாக்கியது. பள்ளி கவர்ச்சிப்பொருளைத் தடுக்கப்போய் அற்பப்பொருளையும் பிடுங்கியது. மோகத்தோடு ஓடியவர்கள் அடுத்த மோகத்துக்குப் போய்விட்டார்கள். உண்மையில் தேவைப்பட்டவன் மட்டும் கை வெறுமையாக அமர்ந்திருந்தான்.

பவணந்தியாரும் அசையாமையை அதற்காகவே கேட்டவரல்லர். கேட்டது நெஞ்சில் தங்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பாவைபோல் அமர்வது அதற்கு அவர் கண்ட வழி. வேறு வழியாக அங்கே போய்ச் சேருகிற பிள்ளைகளும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த பொம்மை வந்து அடுத்த சுற்றறிக்கை எழுதப்படும்போது, அவர்களுக்காக ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.