பத்து மூடை சீமெந்து

எங்கள் வீடு அக்குறணைப் பக்கம் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. கேற்றிலிருந்து வாசல் வரை முப்பது அடி நீளம், பத்து அடி அகலம். முன்பு அது முழுவதும் செம்மண் ஏற்றம். மழை பெய்தால் த்ரீவீலர்காரர்கள் கேற்றடியிலேயே நிறுத்திவிடுவார்கள். "இதுக்கு மேல ஏறாது தாத்தா" என்று உம்மாவிடம் சொல்வார்கள். அங்கிருந்து மூத்தும்மாவைக் கைபிடித்து நடத்திக் கூட்டிவர வேண்டும். ஓர் ஒக்டோபர் மாத மழையில், கிளினிக் போய்த் திரும்பி வரும்போது அவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

அன்றிரவு கட்டாரிலிருந்து வாப்பா பேசினார். "வேற செலவெல்லாம் பிறகு பார்ப்போம். முதல்ல பாதையப் போடுங்க" என்றார்.

மூன்று பாஸ்மார் வந்து பார்த்தார்கள். மூன்றாமவர் சொன்ன தொகைதான் ஆகக் குறைவு. உம்மா அதையும் பேசிப் பேசி இன்னும் குறைத்தார். பாதிக்கு மேல் முற்பணமாகக் கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

பாஸ் இரண்டு பையன்களோடு வந்து ஒன்றரை நாளில் வேலையை முடித்துவிட்டார். அப்போது பாடசாலை விடுமுறை. வெறும் சீமெந்து மூடைகளைப் பொறுக்கி அடுக்கும்படி உம்மா என்னிடம் சொன்னார். எண்ணினேன். பத்து இருந்தன.

அந்தத் தவணையில்தான் கணித பாடத்தில் கனவளவு படித்திருந்தேன். விளையாட்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு சதுர அடி. நாலு அங்குலத் தடிப்பு என்று பாஸ் சொல்லியிருந்தார். நாலு அங்குலம் என்பது ஓர் அடியில் மூன்றில் ஒன்று. ஆகவே நூறு கன அடி, அதாவது சரியாக ஒரு கியூப். ஹாட்வெயார் கடையில் வேலை செய்யும் மாமாவிடம் போனில் கேட்டேன். "ஒரு பங்கு சீமெந்து, ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லிக்கல் எண்டு கலந்தா, ஒரு கியூப் கொங்கிரீட்டுக்குப் பதினெட்டு மூடையளவு போகும்" என்றார்.

பதினெட்டு எங்கே, பத்து எங்கே? ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்களின் காரியத்தில் சின்னப் பிள்ளை வாய் போடக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். உம்மாவும் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். வீடியோ கோலில் வாப்பாவுக்குப் பாதையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்ட தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. மூத்தும்மாவை ஏற்றிப் போக வந்த வேனின் பின்சக்கரம் ஓரத்தில் ஏறியதும் 'படக்' என்று ஒரு சத்தம். ஒரு துண்டு உடைந்து சாய்ந்தது. குனிந்து பார்த்தோம். தடிப்பு இரண்டு அங்குலம்தான் இருந்தது. அதற்குக் கீழே கிரவல் இல்லை. இறுக்கிய தடயமும் இல்லை. பழைய மண்ணும் புல்வேரும் அப்படியே இருந்தன. அந்த மாதத்துக்குள் நடுவிலும் மூன்று வெடிப்புகள் ஓடின. பாஸின் போன் வேலை செய்யவில்லை.

வாப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம்தான் எனக்குத் தாங்கவில்லை. எத்தனை மாத ஓவர்டைம் காசு அது! இரவு உம்மாவிடம் தாளை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள்" என்றார். பிறகு, "உங்களில மட்டும் பிழையில்ல. நானும் எவ்வளவு எண்டுதான் கேட்டன். எப்படிப் போடுவீங்க எண்டு ஒரு வார்த்தை கேக்கல்ல. காசக் குறைச்சதும் அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில குறைச்சிட்டார்" என்றார்.

அடுத்து வந்தவர் பக்கத்து ஊர்ச் சிங்கள பாஸ். வயதானவர். வந்ததும் தொகை சொல்லவில்லை. ஒரு வாளி தண்ணீர் கேட்டார். அதை மேலே ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் பேசினார். உடைந்ததைக் கிளப்ப வேண்டும். கிரவல் போட்டு இறுக்க வேண்டும். வாசலுக்கு முன்னால் குறுக்கே ஒரு கான் வெட்ட வேண்டும். பத்து அடிக்கு ஓர் இடைவெளி விட வேண்டும். டயர் வழுக்காமலிருக்க மேற்பரப்பைத் தும்புத்தடியால் சொரசொரப்பாக்க வேண்டும். அவர் சொன்ன தொகை முதலாமவருடையதைவிடக் கூட. இந்த முறை உம்மா விலை பேசவில்லை. கேள்விதான் கேட்டார். நான் எழுதினேன்.

அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அஹதிய்யாவில் அதைப் படித்தபோது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு நீளம் என்று யோசித்திருக்கிறேன். அன்று விளங்கியது. தடிப்பு, கலவை, நாட்கள், நான்கு தவணைக் கொடுப்பனவு எல்லாவற்றையும் இரண்டு பிரதிகளில் எழுதினோம். கடைசித் தவணை இருபத்தெட்டாம் நாள் என்றிருந்தது. நான் சிங்களத்தில் வாசித்துக் காட்ட, பாஸ் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதால் அவர் மனம் நோகவில்லை. நல்ல வேலைக்காரருக்கு அதுவும் ஒரு மரியாதைதான்.

கொங்கிரீட் போட்ட அன்று அவரே என்னைக் கூப்பிட்டார். "துவ, மூடைய எண்ணுங்க" என்றார். யாரோ அவரிடம் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தன.

பிறகு ஏழு நாட்களும் சாக்கை நனைத்துப் போடுவது என் வேலை. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. சீக்கிரம் காயவிட்டால் பலம் வராது என்று பாஸ் சொல்லித் தந்தார். காலையில் பாடசாலைக்குப் போகுமுன், மாலையில் வந்ததும், இரவு தூங்குமுன் தண்ணீர் ஊற்றினேன்.

தோழியரே, உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது நீங்களும் எண்ணிப் பாருங்கள். கணக்குப் பிழைத்தால் பணிவாகக் கேளுங்கள். பணிவு வேறு, பயம் வேறு என்று விளங்க எனக்கு ஒரு பாதை உடைய வேண்டியிருந்தது.

இருபத்தெட்டாம் நாள் உம்மா மீதிக் காசைக் கொடுத்தார். அந்த வாரமே மழையில் ஒரு த்ரீவீலர் மூத்தும்மாவை வாசலடியில் இறக்கியது. உடைந்த அந்த இரண்டு அங்குலத் துண்டை மட்டும் உம்மா வீசவில்லை. இப்போது அது எங்கள் குசினிக் கதவுக்கு முட்டு.