ஏறு, இறங்கு, படகுக்குக் காத்திரு

பாக்மண்ட்லா படகுத்துறையில் யாருடைய அவசரமும் செல்லாது. சாவித்ரி நதி கடலோடு கலக்கும் இடம் அது. எதிர்க்கரையில் வேஷ்வி கிராமம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஃபெரி அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் நிற்க வேண்டியதுதான். ஒரு ஜீப், நாலைந்து மோட்டார் பைக்குகள், மீன் கூடைகளோடு பெண்கள், நடுவே ஹெல்மெட்டும் வியர்வையுமாக மும்பை அல்லது புனேயிலிருந்து வந்த சைக்கிள்காரர்கள். வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில் விரல்கள் இன்னும் வலிக்கின்றன. அக்கரையில் இறங்கியதும் மீண்டும் மேடு காத்திருக்கிறது.

மும்பையிலிருந்து கோவாவுக்குக் கொங்கணக் கடற்கரையை ஒட்டியே சைக்கிளில் போவது சில ஆண்டுகளாகப் பலரைப் பிடித்து ஆட்டும் ஆசை. தூரம் சுமார் 500 கி.மீ.க்குச் சற்று மேல். ஒரு வாரம் எடுத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள். கடற்கரைப் பாதை என்றதும் தட்டையான சாலையை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு முதல் நாள் மாலைக்குள் தெளிவு பிறந்துவிடும். சஹ்யாத்ரி மலையின் மேற்குச் சரிவில் பிறக்கும் நதிகள் கடலுக்கு ஓட அதிக தூரம் கிடையாது. செம்புரைக்கல் மேட்டுநிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு வந்து, அகன்ற கழிமுகங்களாக முடிகின்றன. சாலை ஒவ்வொரு கழிமுகத்துக்கும் கடல் மட்டத்துக்கு இறங்கி, மறுபடி மேட்டுக்கு ஏறுகிறது. பல ஏற்றங்களின் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டும். சிறிய கியர் இல்லாத சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளுவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்தான் முந்திரித் தோப்பின் வாசனையைச் சரியாகப் பிடிக்கிறார்கள்.

பயணம் படகில்தான் ஆரம்பம். மும்பை பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு வாகனங்களை ஏற்றிச்செல்லும் கப்பல் 2020 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாநகர நெரிசல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அலிபாகைத் தாண்டி ரேவ்தண்டாவில் குண்டலிகா நதிப் பாலத்தைக் கடந்தால் கோர்லாய். குன்றின் மேல் போர்த்துகீசியக் கோட்டை, அடியில் கிராமம். மராட்டியரிடம் விட்டுக்கொடுத்துப் போர்த்துகீசியர் 1740-ல் வெளியேறினார்கள். அவர்களது மொழி வெளியேறவில்லை. இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் போர்த்துகீசியமும் மராத்தியும் கலந்து திரண்ட ஒரு மொழியை இன்றும் வீட்டில் பேசுகின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நோ லிங்'. 'எங்கள் மொழி' என்று பொருள். காரில் போகிறவர்கள் காஷித் கடற்கரையைக் குறிவைத்துக் கோர்லாயை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். டீக்கடையில் பாட்டிலை நிரப்ப நிற்கும் சைக்கிள்காரரின் காதில் அந்த மொழி விழ வாய்ப்புண்டு.

அடுத்து முருட். கடலுக்குள் நிற்கும் ஜஞ்ஜிரா கோட்டை, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் ஆண்டது. மராட்டியர் பலமுறை முயன்றும் அதைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் அகர்தண்டாவில் முதல் கழிமுக ஃபெரி. திகியில் இறங்கி, திவேஆகரிலிருந்து ஸ்ரீவர்த்தன் வரை கடலை உரசிக்கொண்டு போகும் சாலை இந்தப் பயணத்தின் பரிசு. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் குன்று. லாரி அநேகமாகக் கிடையாது. கனரக வாகனங்கள் எல்லாம் உள்நாட்டில் 66-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகின்றன. 2011-ல் தொடங்கிய அதன் விரிவாக்கம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து மராத்தியர்களின் கேலிக்கு ஆளானது வேறு கதை. கடற்கரைச் சாலை காலியாகக் கிடப்பதற்கு முக்கியக் காரணம், படகு இல்லாமல் அது முழுமையடையாது என்பதுதான். அவசரக்காரர்கள் வருவதில்லை.

காற்றும் ஒரு கணக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் நிலத்திலிருந்து லேசாக வீசும். பிற்பகலில் கடலிலிருந்து வடமேற்குக் காற்று வலுக்கும். ஆகவே வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்குப் பிற்பகலில் முதுகில் ஒரு கை. எதிர்த்திசையில் வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மார்ச்சுக்குப் பிறகு வெயில் இரக்கம் காட்டாது. ஜூனில் மழை இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

சாவித்ரியைத் தாண்டினால் ரத்னகிரி மாவட்டம். வேலாஸில் கோடை தொடங்கும் சமயம் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஆஞ்சர்லேயில் குன்றின் மேல் பிள்ளையார். ஹர்ணேயில் மாலை மீன் ஏலம். எதிரே கடலில் சுவர்ணதுர்க். தபோலி மேட்டில் ஏறி இறங்கினால் தாபோல்.

இங்கே சற்று நிற்கலாம். பாமினி, பீஜப்பூர் சுல்தான்கள் காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த தாபோல் இன்று தூங்குமூஞ்சி ஊர். ஆனால் 1990-களில் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபட்ட பெயர் இது. என்ரான் நிறுவனத்தின் மின்நிலையம் தாபோல் என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் எழுந்தது வாசிஷ்டி நதியின் எதிர்க்கரையில், குஹாகர் பக்கம். 1999-ல் மின்சாரம் தரத் தொடங்கி, கட்டணத் தகராறில் 2001-ல் நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் என்ரானே திவாலானது. நிலையம் வேறு கைகளுக்கு மாறி 2006-ல் மறுபடி இயங்கத் தொடங்கியது. கோடிகளைக் கொட்டியவர்கள் இந்த இரு கரைகளையும் இணைக்கவில்லை. இணைத்தது 2003-ல் ஓடத் தொடங்கிய ஃபெரி. அது இல்லாவிட்டால் தாபோலிலிருந்து குஹாகருக்குக் கேட், சிப்ளுண் வழியாக 100 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும்.

தவ்சால்–ஜெய்கட் ஃபெரியைத் தாண்டி, கண்பதிபுலே கோயிலும் போனபின் ஆரே–வாரே. மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் இரட்டைக் கடற்கரை. சாலை அதன் மேல் கயிறு போலக் கிடக்கிறது. சைக்கிளை நிறுத்தாமல் யாரும் இங்கே போவதில்லை. ரத்னகிரியில் பர்மாவின் கடைசி மன்னர் தீபாவின் அரண்மனை இருக்கிறது. 1885-ல் நாடிழந்த அவரை ஆங்கிலேயர் முதலில் கொண்டுவந்து வைத்தது சென்னையில். மறு ஆண்டு ரத்னகிரிக்கு மாற்றினார்கள். அரண்மனை 1910-ல்தான் தயாரானது. ஆறு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். தப்பி ஓட வழியில்லாத மூலை என்றுதான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது, மேடுகளை மிதித்து வந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

தெற்கே மாந்தோப்புகளும் மொட்டைச் செம்புரைப் பாறைகளும் மாறி மாறி வருகின்றன. காஷேலியில் பாறையில் செதுக்கிய பிரம்மாண்ட யானை. கொங்கணத்தின் இத்தகைய பாறைச் செதுக்குகள் 2022-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு. முன்கூட்டியே போனில் சொல்லிவைத்தால் மீன் குழம்பும் சோல்கடியும் தயாராக இருக்கும். சொல்லாமல் போனால் வடா பாவ்தான். விஜய்துர்க், தேவ்கட், மால்வன், வெங்குர்லா என்று சிந்துதுர்க் மாவட்டம் இரண்டு நாளில் ஓடிவிடும். மால்வனில் மட்டும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கலாம்.

இந்தச் சாலையின் அமைதிக்குக் கெடு வைத்தாயிற்று. ரேவஸிலிருந்து ரேடி வரை கடலோர நெடுஞ்சாலை என்பது 1980 முதல் 1982 வரை முதல்வராக இருந்த அந்துலேயின் கனவு. பாக்மண்ட்லா அருகே சாவித்ரியில் தொடங்கிய பாலம் பல ஆண்டுகள் அரைகுறையாக நின்றது. இப்போது முக்கியக் கழிமுகங்கள் அனைத்திலும் பாலம் கட்ட மாநில அரசு இறங்கியிருக்கிறது. கரஞ்சா–ரேவஸ் உள்ளிட்ட இடங்களில் ஒப்பந்தங்களும் கொடுத்தாயிற்று. பாலம் வந்தால் லாரிகள் வரும், அகலச் சாலை வரும், அதற்காகக் குன்றுகள் வெட்டுப்படும். சைக்கிள்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் இரவு கடைசிப் படகு போனபிறகு பிரசவ வலி கண்ட பெண்ணை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய குடும்பத்திடம் இந்த முணுமுணுப்பை யாரும் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து போகிறவரின் நிம்மதிக்காக ஊர்க்காரர் ஆண்டு முழுக்கத் துறையில் காத்திருக்க முடியாது. பாலங்களின் ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் ஒரு கஜம் விடும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. ஃபெரியில் வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்களுக்கு என்ன வழி என்பது அதைவிட நியாயமான கேள்வி.

ரேடியைத் தாண்டியதும் கோவாவுக்குச் சொந்தமான தெரேகோல் கோட்டை. கீழே கடைசிப் படகுத்துறை. எதிரே கேரி கடற்கரை. ஊருக்குத் திரும்ப சாவந்த்வாடியில் கொங்கண் ரயில் இருக்கிறது, சைக்கிளை பிரேக் வேனில் போட்டுவிடலாம். ஆனால் துறைவரை வந்தவர்களில் ரயிலை நினைப்பவர் குறைவு. படகின் இரும்புப் பலகை கரையில் மோதி இறங்குகிறது. பைக்குகள் உறுமிக்கொண்டு முதலில் ஏறுகின்றன. சைக்கிள்கள் பின்னால், ஓரமாக, கம்பியில் சாய்த்துவைக்கப்படுகின்றன.