எந்தக் கட்சி?

ஜூலை 23. கொக்கிரகுளம். காலை வெயில் அதற்குள் உறைக்கிறது.

ஆற்றுக்கு இறங்கும் வழியில் இரும்புத் தடுப்புகள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் இன்ஸ்பெக்டர், கையில் ஒரு தாள். தாளில் கட்சிகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு நேரம்.

தடுப்பைப் பிடித்து நிற்கும் பெண் போலீஸ் 1999-இல் பிறந்திருப்பாளா என்பது சந்தேகம்.

பேனரில் தலைவர் ஆளுயரம். இறந்த 17 பேரும் கீழே, பாஸ்போர்ட் அளவில். கடைசிப் படம் ஒரு குழந்தை.

ஒருவர் படியிறங்குகிறார். செருப்பைக் கழற்றுகிறார். ரோஜா இதழ்களைத் தூவுகிறார்.

“அண்ணாச்சி, இன்னொரு தடவ,” என்கிறார் கேமராக்காரர்.

இதழ்கள் இன்னொரு தடவை விழுகின்றன. முந்தைய கட்சியின் மாலை கல்லில் சிக்கிக் கிடக்கிறது. தொண்டர் ஒருவர் அதைக் காலால் தள்ளிவிடுகிறார். தாமிரபரணி வாங்கிக்கொள்கிறது.

நிழலில் நிற்பவர்கள் துண்டுப் பிரசுரத்தை மடித்து விசிறிக்கொள்கிறார்கள். மடிப்புக்கு மடிப்பு எழுத்து தெரிகிறது. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட். 150 ரூபாய் கூலி கேட்டுப் போராட்டம். 600-க்கும் மேற்பட்டோர் கைது, பெண்களும். திருச்சி மத்திய சிறை. 1999 ஜூலை 23, அவர்களை விடுவிக்கக் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். தடியடி. நீதிபதி மோகன் கமிஷன் கணக்கில் 11 பேர் ஆற்றில் மூழ்கியவர்கள். பின்பக்கம் புதிய செய்தி: 2024-இல் கம்பெனி எஸ்டேட் வேலையையே நிறுத்திவிட்டது.

பின்பக்கத்தில்தான் காற்று நன்றாக வருகிறது.

மஞ்சள் பையோடு ஒரு கிழவி தடுப்பருகே வருகிறாள். பின்னால் அவள் வயதில் நாலைந்து பேர். எல்லார் விரல் நுனியும் கறுத்திருக்கிறது. வாழையிலைப் பொட்டலத்தில் பிச்சிப்பூ.

“எந்தக் கட்சிம்மா?”

“திருச்சி ஜெயிலு.”

இன்ஸ்பெக்டரின் விரல் தாளில் மேலிருந்து கீழே இறங்குகிறது. கீழிருந்து மேலே ஏறுகிறது.

“லிஸ்ட்ல இல்லியே.”

“நாங்க கட்சி இல்ல சார். உள்ள கெடந்தவிய.”

“யாரா இருந்தாலும் முன்கூட்டியே மனு குடுத்திருக்கணும்லா.”

கிழவி பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்க்கிறாள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

“எங்களுக்காவ அன்னைக்கு மனு குடுக்கத்தான் சார் வந்தாவ.”

கொடி கட்டிய கார் ஹாரன் அடிக்கிறது. 10.30 கட்சி. மணி 11.15. இன்ஸ்பெக்டர் எழுந்து தடுப்பை விலக்குகிறார்.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா.”