அண்டையும் உறவும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று கணினியியலுக்கு வரும் மாணவர் பலர் வரையறைகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேறிவிடுகின்றனர், பொருள் பிடிபடுவதில்லை. அவர்களுக்காகப் பாடக்குறிப்பொன்றைத் தமிழாக்கித் தருமாறு கணினித் துறை நண்பர் கேட்டபோது, 'அட்ஜசென்சி' என்ற சொல்லில் நாம் நின்றுவிட்டோம். 'அண்மை' என்று பெயர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் அது போதாது.

ரூட்டர் எனப்படும் திசைவிகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைகளுள் ஐஎஸ்-ஐஎஸ் ஒன்று. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தில் 1980களில் உருவான இது, 1990இல் ஆர்எஃப்சி 1195 வழியாக இணைய வலைகளுக்கும் வந்தது. இதில் ஒவ்வொரு திசைவிக்கும் வட்டார முகவரி உண்டு, நிலையும் உண்டு. முதல் நிலை தன் வட்டாரத்துக்குள் வழியறியும். இரண்டாம் நிலை வட்டாரங்களை இணைக்கும். இருநிலையும் ஒருங்கே உடைய திசைவிகளும் உண்டு.

இரண்டு திசைவிகளைக் கம்பியால் இணைத்தாயிற்று, விளக்கும் எரிகிறது. இரண்டும் 'ஹலோ' அனுப்புகின்றன. எனினும் இரண்டும் முதல் நிலை மட்டுமே உடையனவாய், வட்டாரம் வேறாயின் உறவு அமையாது. ஒன்று முதல் நிலை மட்டும், மற்றது இரண்டாம் நிலை மட்டும் எனில், ஒரே வட்டாரமாயினும் அமையாது. இருநிலையும் உடைய இரண்டு சந்தித்தால், வட்டாரம் ஒத்தவிடத்து இரண்டு உறவுகளும், ஒவ்வாதவிடத்து இரண்டாம் நிலை உறவு மட்டும் அமையும்.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. 'மரம் பெரிது' என்பதில் மகரம் நிற்கிறது. 'மரப்பலகை'யில் அது கெட்டு, வல்லினம் மிகுகிறது. இரண்டிடத்தும் மகரத்தை அடுத்து வருவது பகரமே. அல்வழியா, வேற்றுமையா என்னும் பொருளுறவே புணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. எழுத்துகளின் அண்மை மட்டும் அன்று.

எல்லை எங்கே விழுகிறது என்பதும் நோக்கத்தக்கது. ஓஎஸ்பிஎஃப் என்னும் பிறிதொரு நெறிமுறையில் எல்லை திசைவியின் ஊடே செல்லும். ஒரே திசைவியின் ஒரு முகம் ஒரு வட்டாரத்திலும் மறுமுகம் வேறொன்றிலும் இருக்கலாம். ஐஎஸ்-ஐஎஸ்ஸிலோ திசைவி முழுமையாக ஒரு வட்டாரத்தைச் சேர்ந்தது. எல்லை கம்பியின்மேல் விழுகிறது. ஆயினும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஒரு திசைவி பொதுவாக மூன்று வட்டார முகவரிகள் வரை தாங்கலாம். முதல் நிலை உறவுக்கு அவற்றுள் ஒன்று ஒத்தால் போதும். வட்டாரத்தின் முகவரியை மாற்ற நேர்கையில், பழையதையும் புதியதையும் சிலகாலம் சேர்த்தே சுமந்து, உறவு அறாமல் மாறிவிடலாம்.

ஆகவே குறிப்பில் 'அண்டையுறவு' என்று எழுதினோம். அண்டை என்பது கம்பி தருவது. உறவு என்பது நிலையும் வட்டாரமும் இசைந்தால் அமைவது. கம்பி சரியாயிருந்தும் செய்தி போகாதபோது எங்கே தேடுவதென்று இச்சொல்லே மாணவனுக்குக் காட்டும் என நம்புகிறோம். இதனினும் பொருந்தும் சொல் அறிந்த நண்பர்கள் தெரிவித்து உதவுக.