ஐந்து அடி நாடா

பாட்டு ஒன்றைக் கேட்கும்போது பாடியவர் யார் என்று கேட்கிறோம். இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்றும் கேட்கிறோம். அக்குரலின் குழைவும் மூச்சும் குன்றாமல் பதிந்து நம்மிடம் சேர்த்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1877ஆம் ஆண்டில் எடிசன் தாம் பேசியதைத் தம் கருவியின் வழியே திரும்பக் கேட்டார். ஒலிப்பதிவுத் தொழிலின் தொடக்கம் அதுவே. அத்தொழிலில் நான் நுழைந்த கதையையும், நுழைந்த ஆண்டிலேயே அதனை இழக்க இருந்த கதையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். பழுதுபட்ட வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதே என் சிறு வயது விளையாட்டு. மின்னணுவியலில் பட்டயம் பெற்றபின், 1983ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தேன். என்னை அனுப்புவதற்காகத் தந்தையார் அன்னையின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களின் வாயில்களில் இரண்டு திங்கள் நின்றேன். “வேலை இல்லை” என்பதே எங்கும் கிடைத்த விடை.

ஒரு கூடத்தில் மட்டும் முதிய ஒலிப்பதிவாளர் ஒருவர் என்னை உள்ளே அழைத்தார். என் சான்றிதழை அவர் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த மைக் கேபிளைக் காட்டி, “இதைச் சுற்றி வை, தம்பி” என்றார். நான் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே அதனை விரைவாகச் சுற்றி முடித்தேன். அவர் அதனை உதறிக் கீழே போட்டுவிட்டு, “கேபிளுக்கும் ஒரு போக்கு உண்டு. அதற்கு மாறாக முறுக்கினால் உள்ளே இருக்கும் கம்பி நைந்துபோகும். நாளைக்கு வா” என்றார். மறுநாள் போனேன். ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மாற்றிச் சுற்றும் முறையை அவரே காட்டிக் கொடுத்தார். பேருந்துக்கும் பகல் உணவுக்கும் போதுமான ஊதியத்தில் உதவியாளன் ஆனேன்.

பல திங்கள் நான் செய்தவை சிறு வேலைகளே. கேபிள் சுற்றுவேன், மைக் தாங்கிகளை எடுத்து வைப்பேன், வாத்தியக்காரர்களுக்குக் காப்பி வாங்கி வருவேன், பதிவுக் கருவியின் முனைகளைப் பஞ்சால் துடைப்பேன். அவ்வேலைகளுக்கு இடையேதான் தொழில் என்னை வந்தடைந்தது. ஒரு நாள் ஆசான் என்னை வெறும் கூடத்தில் கண்மூடி அமரச் செய்து, “என்ன கேட்கிறது?” என்றார். “ஒன்றும் கேட்கவில்லை” என்றேன். “இன்னும் கேள்” என்றார். தொலைவில் போகும் வண்டியின் இரைச்சலும், விளக்கின் மெல்லிய முரலலும், என் மூச்சும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. இளைஞர் காது விநாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது என்று படித்திருந்தேன். கேட்பது இயற்கை தந்த கொடை. பிரித்துணர்வதோ பயிற்சியின் பயன்.

மிருதங்கத்தின் அருகே வைத்த மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் நாதமே மாறிவிடும். ஒலி ஓர் அடி தூரம் செல்ல ஏறத்தாழ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஆகவே ஒரே குரலை வெவ்வேறு தொலைவில் நின்று இரண்டு மைக்குகள் வாங்கினால், அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குரல் மெலிந்துபோகும். பள்ளியில் ஏட்டிலே கற்ற அலைப் பாடம் அங்கேதான் என் செவிக்குள் புகுந்தது. இவ்வாறு கீழ்ப்படியில் நின்று கற்பது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. இலண்டனில் ஜெஃப் எமெரிக் என்னும் இளைஞர் 1962ஆம் ஆண்டு உதவியாளராகச் சேர்ந்தார். நாடாக் கருவியை இயக்கிப் பழகினார். 1966ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழுவினரின் ஒலிப்பதிவாளராக உயர்ந்தார்.

1984ஆம் ஆண்டில் ஒரு நாள், முதிய பாடகி ஒருவர் தம்புரா மட்டும் ஒலிக்க ஒரு விருத்தம் பாடினார். முதல் முறை குரல் சற்றுத் தளர்ந்திருந்தது. வேறொரு நாடாவில் இரண்டாம் முறை பாடியபோதோ, முதற்சொற்களிலேயே எங்கள் உடல் சிலிர்த்தது. அம்மையார் விடைபெற்றார். ஆசான் அவரை வழியனுப்பச் செல்லும்போது, “தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பார்” என்று சொல்லிச் சென்றார்.

பதிவு செய்வதற்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். கேட்பதற்கு ஒன்றே போதும். காலை முதல் இரண்டையும் அழுத்திப் பழகிய என் விரல்கள் அப்போதும் அவ்வாறே செய்தன. அளவுமானியின் முள் அசையவில்லை. திடுக்கிட்டு நிறுத்துவதற்குள் நான்கு விநாடிகள் கழிந்துவிட்டன. அம்மையாரின் குரல் இருந்த இடத்தில் வெறும் அறையின் அமைதி பதிந்துவிட்டது.

கூடத்தில் வேறு எவரும் இல்லை. நாடா பழுது என்று சொல்லலாம், நம்புவார்கள். அன்னையின் சங்கிலி அடகுக் கடையிலேயே கிடந்தது. ஆசான் கதவைத் திறந்தார். “ஐயா, நான் அழித்துவிட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சினந்து பேசவில்லை. “எத்தனை விநாடி?” என்றார். “நான்கு” என்றேன். விநாடிக்கு பதினைந்து அங்குலம் ஓடும் கருவி அது. “ஐந்து அடி” என்று கூறிவிட்டு, முதல் முறை பாடிய நாடாவை எடுத்தார். அதே சொற்களைத் தேடி, சவர அலகால் சாய்வாக வெட்டி, மற்றதனோடு ஒட்டினார். மூச்சோடு மூச்சு பொருந்த நள்ளிரவு ஆயிற்று.

மறுநாள் அம்மையாரை வரவழைத்து, நடந்ததை என் வாயாலேயே சொல்லச் செய்தார். அம்மையார் ஒட்டியதைக் கேட்டார். மீண்டும் இரு முறை பாடிப் பார்த்தார். நேற்றைய அழகு வரவில்லை. “ஒட்டியதே இருக்கட்டும், தம்பி” என்று சொல்லிச் சென்றார். நான் கேபிள்களை ஒழுங்குபடுத்திவிட்டு வெளியேற முனைந்தேன். “எங்கே போகிறாய்? கருவி முன் உட்கார்” என்றார் ஆசான். “நீ மறைத்திருந்தால் நாளை வேறொன்றை அழித்துவிட்டு அதையும் மறைத்திருப்பாய். இனி அழிக்கமாட்டாய்” என்றார்.

இன்று நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. தவறி அழித்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இத்தொழிலைக் கற்கச் சென்னைத் தரமணியிலும், 1960இல் தொடங்கிய புனே நிறுவனத்திலும் படிப்புகள் உள்ளன. புனேயில் பயின்ற ரசூல் பூக்குட்டி 2009ஆம் ஆண்டு ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் விருதை மற்றிருவரோடு பகிர்ந்து பெற்றார். இத்துறையை நாடும் மாணவர்கள் இயற்பியலை விரும்பிக் கற்க வேண்டும். இசையைக் கேட்டுப் பழக வேண்டும். எளிய வேலையை இழிவாக எண்ணலாகாது. இவற்றைக் கருவிகள் கற்றுத் தரும். உண்மையைச் சொல்லும் துணிவை நாமேதான் கொண்டு செல்ல வேண்டும்.

அந்த விருத்தத்தை இன்றும் சில வேளை கேட்கிறேன். ஒட்டு எவர் காதுக்கும் தெரிவதில்லை. என் காதுக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் தெரிகிறது.