பெரியப்பாவோட ஒரு வரி

லீவுக்கு ரங்கூன் வந்திருக்கேன், பபேடான்ல பெரியப்பா வீடு. அவர் போய் ஒரு வருஷமாச்சு.

எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு ஒரு பர்மிய மருந்துக் குறிப்பு, டாக்புக் எக்ஸ்எம்எல் கோப்பு. ஒமேகாடியில ஏத்தினா டேக் எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. ஆனா பெரியப்பா சேர்த்து வச்ச மொழிபெயர்ப்பு நினைவகத்தோட ஒரு வரிகூடப் பொருந்தலை.

மேட்டர் இதுதான் மக்களே... அவருடையது ஸோஜி எழுத்துரு. மியான்மர் யூனிகோடுக்கு மாறினது 2019 அக்டோபர் 1-ல. ஸோஜியில கொம்பு எழுத்துக்கு முன்னாடி, யூனிகோடுல பின்னாடி. நம்ம டிஸ்கி கதையேதான்!

பர்மியப் பக்கத்தை மட்டும் கன்வெர்ட்டர்ல மாத்தி மறுபடி ஏத்தினேன். முதல் பொருத்தம்: "சாப்பிட்ட பிறகு ஒண்ணு போடுங்க."

அவர் பேச்சேதான். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை வாசிச்சாங்க.

உங்க வீட்டு டிஸ்கி கோப்புகளையும் மாத்தி வச்சிடுங்க, ப்ளீஸ்.